குவளையை மூடிய கை: அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்களின் வரலாறு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவின் பொருளை அறிவித்ததுமே நம் பெண் தோழர்கள் சிலர் நேராகக் கேட்டுவிட்டார்கள்: "பாரைப் பற்றிப் பேசுவதற்கா தோழர் நினைவு நாளில் கூடுகிறோம்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. டாஸ்மாக் வாசலில் கணவனைத் தேடிப்போய் நின்ற பெண்களின் பிள்ளைகள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறோம். குடி நம் தெருக்களில் எத்தனை அடுப்பை அவித்தது என்று அறிய நமக்கு ஆய்வு நூல் எதுவும் வேண்டியதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடைக்குள் இருந்த மதுவைவிட அந்தக் கடையின் கதவுதான் நம் அக்கறை. அந்தக் கதவில் நின்றது யார், உள்ளே விட்டது யாரை, வெளியே தள்ளியது யாரை என்பது நமக்குப் பழக்கமான கணக்குத்தான்.

ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குவோம். நாள் 1966 ஏப்ரல் 21. நியூயார்க் நகரத்தின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஜூலியஸ் என்றொரு பழைய மதுக்கூடம். கோட்டும் டையும் அணிந்த ஆண்கள் நான்கு பேர் மேடைப்பலகை ஓரமாக நிற்கிறார்கள். உள்ளே நிற்கும் பணியாளர் ஒரு குவளையின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடுகிறார். எடுத்தவர் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழின் ஃபிரெட் மெக்டாரா. படத்தில் அடி இல்லை, இரத்தம் இல்லை. ஒரு கையும் ஒரு குவளையும்தான் இருக்கின்றன.

நம்மில் யாருக்கும் இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. கொட்டாங்குச்சியில் தேநீர் வாங்கிக் குடித்த பாட்டன்மார்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடைக் கூரையில் செருகி வைத்திருந்த தனிக்குவளையை நாமே எடுத்து, நாமே கழுவி, காசைத் தரையில் வைத்துவிட்டுப் போன ஊர்களிலிருந்து வந்திருக்கிறோம். இன்று யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழரும் ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்ததற்காகத்தான் முதல் அடியை வாங்கினார். தாகம் தீர்க்க எங்கேயும் தண்ணீர் கிடைக்கும். ஆனால் நான்கு பேர் பார்க்க, நான் இன்னார் என்று தெரிய, எல்லோருக்கும் தருகிற குவளையில் எனக்கும் தா என்று கேட்பது வேறு. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் கையில் அள்ளிய தண்ணீருக்கு அந்தப் பொருள்தான் இருந்தது.

ஜூலியஸில் நின்ற அந்த ஆண்களும் இன்னார் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள். நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், ஒழுங்காக நடந்துகொள்வோம், எங்களுக்குக் குடிக்கக் கொடுங்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கை. டிக் லெய்ட்ஷ், கிரெய்க் ராட்வெல், ஜான் டிம்மன்ஸ் ஆகிய மூவரும் மேட்டசின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். வழியில் ராண்டி விக்கர் சேர்ந்துகொண்டார். பத்திரிகையாளர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போனார்கள். முதலில் போன உணவகம் தன்பாலீர்ப்பாளர்களை விலகிப் போகச் சொல்லிப் பலகையே மாட்டியிருந்தது. செய்தியாளர்கள் வருவது தெரிந்து அன்று அது மூடிக்கிடந்தது. அடுத்த இரண்டு இடங்களில் பணியாளர்கள் கண்டுகொள்ளாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். போராடப் போனவர்களுக்கு இது பெரிய சங்கடம்! மறுக்கப்பட்டால்தானே வழக்குப் போட முடியும்? கடைசியாகத்தான் ஜூலியஸுக்கு வந்தார்கள். சில நாட்களுக்கு முன்புதான் காவல்துறை அங்கே சோதனை நடத்தியிருந்தது. ஆகவே அங்கே நிச்சயம் கை நீளும் என்று தெரிந்தே போனார்கள். நீண்டது.

அந்தக் கை ஏன் பயந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியதும் மாநிலங்கள் உரிம முறையைக் கொண்டுவந்தன. நியூயார்க்கின் மதுபான ஆணையம், 'ஒழுங்கீனமான' இடமாகக் கடை மாறினால் உரிமத்தைப் பறிக்கலாம் என்ற விதியைக் கையில் வைத்திருந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் கூடுவதே ஒழுங்கீனம் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. அவர்கள் சண்டை போட வேண்டியதில்லை. இருந்தாலே போதும், அது குற்றம். பிறப்பையே குற்றமாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த மக்கள் நம் மண்ணிலும் உண்டு. சட்டம் இப்படி ஓர் இருப்பையே ஒழுங்கீனம் என்று பெயரிடும்போது அது முதலில் பிடுங்குவது கூடும் இடத்தை. 1953இல் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450ஆம் ஆணை, 'பாலியல் பிறழ்வு' என்று சொல்லி அரசு ஊழியர்களை வேலையை விட்டு நீக்க வழி செய்தது. வானியலாளரான ஃபிராங்க் கமெனி 1957இல் அப்படித்தான் வேலை இழந்தார். மதுக்கூடத்தில் பிடிபட்டவர் பெயர் நாளிதழில் வந்தால் மறுநாள் வேலை இருக்காது, வீடு இருக்காது, பலருக்குப் பெற்றோரும் இருக்கமாட்டார்கள்.

இத்தனை ஆபத்து இருந்தும் ஏன் போனார்கள்? இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தலித் குழந்தை சேரியில் பிறக்கிறது. ஊர் அதை எப்படி நடத்தினாலும் மாலையில் திரும்பிவர அதே அடையாளம் கொண்ட தாய் இருக்கிறாள். பள்ளியில் என்ன நடந்தது என்று சொல்லி அழ ஒரு மடி இருக்கிறது. எப்படிப் பேச வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும், எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஒரு தெருவே இருக்கிறது. பால்புதுமைக் குழந்தைக்கு அது இல்லை. அது தன் வீட்டுக்குள்ளேயே ஒற்றையாகப் பிறக்கிறது. தன்னைப் போன்ற இன்னொருவரைப் பதினெட்டு, இருபது வயது வரை அது பார்த்திருக்காது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தரும் திண்ணை அதற்கு எங்கே? அமெரிக்க நகரங்களில் அந்தத் திண்ணை பெரும்பாலும் மதுக்கூடமாகத்தான் இருந்தது. தேவாலயம் துரத்தியது, பூங்காவில் காவலர் மாறுவேடத்தில் நின்றார், வாடகை அறைக்கு ஆள் வந்தால் வீட்டுக்காரர் கேட்டார். காசு கொடுத்தால் சில மணிநேரம் உட்கார விடுகிற இடமாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

சமூகவியல் படித்த காலத்தில் நாம் பயின்ற நல்ல ஆய்வுகளில் ஒன்று பஃபலோ நகரத்துத் தொழிலாளி வர்க்க லெஸ்பியன் பெண்களைப் பற்றியது. எலிசபெத் கென்னடியும் மேடலின் டேவிஸும் பல ஆண்டுகள் முதிய பெண்களிடம் வாய்மொழி வரலாறு கேட்டு 1993இல் நூலாக்கினார்கள். ஆலையில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் அங்கே கூடிய பெண்கள், தாங்கள் யார் என்பதை மறைக்காமல் உடுத்தினார்கள், அதற்காகத் தெருவில் அடிவாங்கினார்கள், திருப்பியும் அடித்தார்கள். சங்கம் வைத்தவர்கள் வருவதற்கு முன்பே எதிர்ப்புக்கான உடம்பைத் தயார் செய்தவர்கள் இவர்கள் என்பது அந்த நூலின் வாதம். அதிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1950களில் பஃபலோவின் கறுப்பினப் பெண்கள் மதுக்கூடங்களைவிட வீட்டு விருந்துகளில்தான் அதிகம் கூடினார்கள். வெள்ளையர் கடையில் தங்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இதற்குப் பிறகு வருவோம்.

சான் பிரான்சிஸ்கோவில் பிளாக் கேட் என்றொரு கடை இருந்தது. அதன் உரிமையாளர் சோல் ஸ்டூமன் உரிமத்துக்காக உச்சநீதிமன்றம் வரை போய், தன்பாலீர்ப்பாளர்கள் கூடுவது மட்டுமே குற்றமாகாது என்று 1951இல் தீர்ப்பு வாங்கினார். அங்கே பெண் வேடமிட்டுப் பாடிய ஹோசே சாரியா 1961இல் நகரின் மேற்பார்வைக் குழுத் தேர்தலில் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராக நின்றார். தோற்றார். ஆனால் ஆயிரக்கணக்கில் வாக்கு வாங்கினார். இத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க அன்று வேறு வழி இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் இல்லாதவர்களை முதலில் எண்ணியது ஒரு பாடகரின் வாக்குப்பெட்டி. 1963இல் அந்தக் கடை உரிமம் இழந்தது.

இனி ஜூலியஸுக்குத் திரும்புவோம். குவளை கேட்கும் அந்தப் போராட்ட முறை எங்கிருந்து வந்தது? 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரத்தில் வூல்வொர்த் கடையின் உணவுப் பலகையில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். 'சிட்-இன்' என்று உலகம் அறிந்த அந்த முறையைத்தான் ஒரு எழுத்தை மாற்றி 'சிப்-இன்' என்று வெள்ளை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். கடன் வாங்கியதில் தவறில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் ஜூலியஸில் எங்கே நின்றார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தில் நிற்கும் எல்லோரும் வெள்ளையர். கறுப்பின உரிமைப் போராட்டத்தின் மூளைகளில் ஒருவரான பேயார்ட் ரஸ்டின் தன்பாலீர்ப்பாளர். 1953இல் அதற்காகவே கைதானவர். 1963 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்த அவரைத் தன் சொந்த இயக்கமே முன்வரிசையில் நிறுத்தத் தயங்கியது. ஜூலியஸ் நிகழ்ச்சிக்குப் பிறகு இந்தப் பாகுபாட்டை விசாரிக்க முன்வந்த நகர மனித உரிமை ஆணையத்தின் தலைவர் வில்லியம் பூத் ஒரு கறுப்பினத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1967இல் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் உச்சநீதிமன்றம், தன்பாலீர்ப்பாளர்களுக்கு மது கொடுத்ததற்காக உரிமத்தைப் பறிக்க முடியாது என்றது.

கோட்டும் டையும் இல்லாதவர்களின் கதை வேறு. ஜூலியஸ் நடந்த அதே ஆண்டு ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில் காம்ப்டன் சிற்றுண்டிச்சாலையில் ஒரு கலகம் நடந்தது. ஏன் சிற்றுண்டிச்சாலை? அங்கே கூடிய திருநங்கைகளைத் தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்களே உள்ளே விடுவதில்லை. அவர்கள் வந்தால் காவல்துறை வரும் என்று பயம். விரட்டப்பட்டவர்களின் கடையிலிருந்து விரட்டப்பட்டவர்கள், இரவெல்லாம் திறந்திருந்த காபிக் கடையில் ஒதுங்கினார்கள். ஒரு காவலர் கை வைத்தபோது ஒருத்தி கையிலிருந்த காபியை அவர் முகத்தில் எறிந்தாள். மேசை நாற்காலிகள் பறந்தன. எந்தப் பத்திரிகையும் அதைப் பெரிதாக எழுதவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, திருநர் வரலாற்றாய்வாளரான சூசன் ஸ்டிரைக்கர்தான் அதைத் தேடி எடுத்து 2005இல் ஆவணப்படமாக்கினார். நம் வரலாற்றையும் நாமே தோண்டி எடுக்க வேண்டியிருந்ததல்லவா?

ஸ்டோன்வால் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிந்தால் அதைக் கோயிலாக்க மனம் வராது. கிறிஸ்டோபர் தெருவில் இருந்த அதை நடத்தியது மாஃபியா கும்பல். சட்டம் யாரைத் தள்ளுகிறதோ அவர்களிடம் ரவுடிதான் கடை வைப்பான். ஜன்னல்களுக்குக் கறுப்பு வண்ணம், உள்ளே பலகை அடைப்பு. கதவில் ஒரு துளை, அதன் வழியே பார்த்து ஆளை எடைபோட்டு விடுவார்கள். வந்தவர்கள் பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதினார்கள். பலகைக்குப் பின்னால் குழாய்த் தண்ணீரே கிடையாது. ஒருவர் குடித்த குவளையைத் தொட்டி நீரில் முக்கி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். மதுவில் தண்ணீர், விலை அதிகம், காவல் நிலையத்துக்கு மாமூல். இருந்தாலும் கூட்டம் வந்தது. அங்கே ஆணும் ஆணும் சேர்ந்து நடனமாட முடியும் என்பதே காரணம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு எதிரே இருந்த சிறிய பூங்காவில் படுத்துக் கிடந்த பிள்ளைகளுக்கும் அது ஒரு கூரை.

1969 ஜூன் 28 அதிகாலை நடந்த சோதனையில் வழக்கம்போல் ஆடையைப் பார்த்துப் பிரித்தார்கள். பெண்ணுடை அணிந்தவர்களைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதிக்க முயன்றார்கள். அன்று அவர்கள் மறுத்தார்கள். வெளியே தள்ளப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தெருவில் நின்றார்கள், கூட்டம் பெருகியது, சில்லறை பறந்தது, பாட்டில் பறந்தது. சோதனைக்கு வந்த காவலர்களே அந்தக் கடைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தனை ஆண்டுகள் வெளியிலிருந்து உடைக்கப்பட்ட கதவுக்குப் பின்னால் அன்று நடுங்கி நின்றது காவல்துறை. பல இரவுகள் அது தொடர்ந்தது. முதல் கல்லை யார் எறிந்தார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. நமக்கு அதில் ஆர்வமில்லை. கறுப்பினத் திருநர் மார்ஷா பி. ஜான்சனே தான் வந்து சேர்ந்தபோது கலகம் தொடங்கிவிட்டிருந்தது என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது, பத்தாவது கல்லுக்கும் வரலாற்றில் இடம் வேண்டும்.

மார்ஷாவும், வெனிசுவேலா, புவேர்ட்டோ ரிக்கோ வேர்கள் கொண்ட சில்வியா ரிவேராவும் 1970இல் ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கி, தெருவில் கிடந்த திருநர் பிள்ளைகளுக்கு இடமும் சோறும் தேடினார்கள். 1973 ஜூன் பேரணியில் சில்வியா மேடையேறிச் சிறையில் கிடக்கும் திருநர்களைப் பற்றிப் பேசியபோது, தன்பாலீர்ப்பாளர் கூட்டமே அவரைக் கூச்சலிட்டு இறக்கப் பார்த்தது. நான்கே ஆண்டுகள். அதற்குள் யாருக்கு மேடை, யாருக்குத் தெரு என்பது தீர்மானமாகிவிட்டது.

அதே 1973 ஜூன் 24 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் என்ற மாடிக் கூடத்துப் படிக்கட்டில் தீப்பற்றியது. 32 பேர் இறந்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கான சிறிய சபையொன்றின் போதகரும் அவர்களில் ஒருவர். ஜன்னல் கம்பிகளில் சிக்கி எரிந்துபோன அவர் உடல் மணிக்கணக்கில் தெருவில் போவோர் பார்க்க அப்படியே கிடந்தது. சில தேவாலயங்கள் அஞ்சலி நடத்த மறுத்தன. சில உடல்களைக் கேட்டு யாரும் வரவில்லை. சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்ட பிணங்களைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கியவர்கள் நாம். இதை வாசித்த இரவு நம்மில் சிலருக்குத் தூக்கம் வரவில்லை.

இனி உள்கதவு. ஆட்ரே லார்ட் தன் 'ஸாமி' நூலில் 1950களின் நியூயார்க் லெஸ்பியன் மதுக்கூடத்தை எழுதியிருக்கிறார். கூட வந்த வெள்ளைத் தோழிகள் தாராளமாக உள்ளே போவார்கள். அவர்களைவிட வயதில் மூத்த லார்டிடம் மட்டும் வாசலில் நிற்பவர் வயதுச் சான்று கேட்பார். காரணம் நிறம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். தோழிகளின் அந்த மௌனம்தான் அவரை அதிகம் வதைத்தது. 1970களில் லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டுடியோ ஒன் நடனக்கூடத்தில் கறுப்பினத்தவரிடமும் பெண்களிடமும் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதை எதிர்த்து வாசலிலேயே போராட்டம் நடந்தது. 'சாதியெல்லாம் இங்கே யாரும் பார்ப்பதில்லை' என்று சொல்லிக்கொண்டே குலதெய்வம் எது என்று கேட்கும் நண்பர்களை நமக்குத் தெரியாதா!

இந்த அவமானத்துக்குப் பதிலாக ஒரு கறுப்பினப் பெண் கதவையே தன் பெயரில் வாங்கினார். ஜூவல் தாய்ஸ்-வில்லியம்ஸ் 1973இல் லாஸ் ஏஞ்சலஸின் பிக்கோ சாலையில் தொடங்கிய 'ஜூவல்ஸ் கேட்ச் ஒன்' நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. எய்ட்ஸ் வந்து இளைஞர்கள் சாகத் தொடங்கியபோது நடனக்கூடம் நிதி திரட்டும் இடமானது. நோயுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவரும் அவர் துணைவியும் ஒரு வீடு நடத்தினார்கள். பின்னாளில் அவரே மருத்துவம் படித்து, கடைக்குப் பக்கத்தில் ஏழைகளுக்குச் சிகிச்சை மையம் வைத்தார். இன்னொன்றும் முக்கியம். அவர் மது அருந்துவதைக் கைவிட்டவர், குடியிலிருந்து மீள நினைப்பவர்களின் கூட்டங்களுக்கும் அங்கே இடம் தந்தவர். பெண் தோழர்கள் கேட்ட கேள்வியை அவரும் தன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

கூடும் இடம் இருந்தால் பேரம் பேசவும் முடியும். 1970களில் கூர்ஸ் பீர் நிறுவனத்துக்கு எதிராக லாரி ஓட்டுநர் சங்கம் புறக்கணிப்பு அறிவித்தபோது, ஹார்வி மில்க் சான் பிரான்சிஸ்கோ மதுக்கூடங்களிலிருந்து அந்த பீரை வெளியேற்ற உதவினார். பதிலுக்கு அவர் கேட்டது, ஓட்டுநர் வேலையில் தன்பாலீர்ப்பாளர்களையும் சேர்க்க வேண்டும் என்பது.

நம் இயக்கத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் ஒரு நேர் கண்ணி உண்டு. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை யாரிடமிருந்து எடுத்தார்களோ, அந்தக் கறுப்புச் சிறுத்தைகளின் தலைவர் ஹியூயி நியூட்டன் 1970 ஆகஸ்டிலேயே தன் தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்பாலீர்ப்பாளர்களைக் கண்டால் நமக்குள் எழும் அச்சத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்களைக் குறிக்கும் இழிசொற்களை நம் பேச்சிலிருந்து நீக்க வேண்டும், நம் மாநாடுகளுக்கு அவர்களை அழைக்க வேண்டும் என்றார். பெயரை எடுத்துக்கொண்டோம். சீறலை எடுத்துக்கொண்டோம். அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்தோம்.

மறந்தோம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் கூடிய ஒரு கூட்டத்தில், கவிதை வாசிக்க வந்த திருநங்கைத் தோழர் ஒருவர் மேடையேறியபோது பின்வரிசையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வேறு சாதியினர் அல்லர். ஒருங்கிணைத்த நாம் மேடையில் இருந்தோம். நிகழ்ச்சி கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டோம். அவர் வாசித்து முடித்துவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் கடைசிப் பேருந்தைப் பிடித்துப் போனார். பிறகு எத்தனை முறை அழைத்தும் வரவில்லை. லார்டின் தோழிகளைப் பற்றி மேலே பேசும்போது நம் குரல் தடுமாறியதை முன்வரிசையில் இருப்பவர்கள் கவனித்திருக்கலாம்.

அமெரிக்காவில் இன்று அந்தக் கடைகள் மூடப்பட்டு வருகின்றன. சமூகவியலாளர் கிரெகர் மேட்சன் வழிகாட்டிப் பட்டியல்களை வைத்துக் கணக்கிட்டார். 2007க்கும் 2019க்கும் இடையில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கின்றன. நிறத்தவர்களுக்கான கடைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. அலைபேசிச் செயலியில் துணை கிடைக்கிறது, வாடகை ஏறிவிட்டது, இனி எந்தக் கடையிலும் உட்காரலாம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். எந்தக் கடையிலும் உட்காரக்கூடியவர்கள் அப்படிச் சொல்வார்கள். கேட்ச் ஒன்னை ஜூவல் 2015இல் விற்றார். அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று ஆர்லாண்டோவின் பல்ஸ் கூடத்தில் துப்பாக்கிச் சூட்டில் 49 பேர் கொல்லப்பட்டார்கள். அன்று அங்கே லத்தீன் இரவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள், அவர்களிலும் பலர் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பிள்ளைகள். சில பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை யார் என்பதும் பிள்ளை இறந்த செய்தியும் ஒரே தொலைபேசி அழைப்பில் வந்து சேர்ந்தன.

அதே 2016 ஜூனில் அதிபர் ஒபாமா ஸ்டோன்வாலையும் எதிரே இருக்கும் பூங்காவையும் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 2019இல் நியூயார்க் காவல் ஆணையர் 1969 சோதனைக்காக மன்னிப்புக் கேட்டார். 2022 டிசம்பரில் ஜூலியஸும் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை, ஸ்டோன்வால் நினைவிடத்தின் இணையப் பக்கத்திலிருந்து திருநர் என்ற சொல்லை நீக்கியது. மறுநாளே கிறிஸ்டோபர் தெருப் பூங்காவில், வீடற்ற பிள்ளைகள் படுத்துக் கிடந்த அதே இடத்தில், நீக்கப்பட்ட எழுத்தை அட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு மக்கள் வந்து நின்றார்கள்.